ஓடைத் தெருவின் ஒரே நல்ல கிணறு

ஓடைத் தெருவில் வீட்டு விலை இறங்கிவிட்டது என்பதை அங்கே வீடு வைத்திருந்த எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவரவர் வீட்டைத் தவிர மற்ற வீடுகளுக்கு இறங்கிவிட்டது என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். கிழக்குக் கோடியில் இருந்தவர், "மேற்கால வீடுகளுக்கு இனி நாதி கிடையாதப்பு" என்றார். மேற்குக் கோடிக்காரர் கிழக்கே கையைக் காட்டி அதையே சொன்னார். நடுவில் இருந்தவர்கள் இரண்டு பக்கத்துக்காகவும் வருத்தப்பட்டார்கள்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகி, தோல் ஊறிய தண்ணீரை ஓடையில் திறந்துவிட ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாற்றம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. ஆனால் தெருவில் இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புத் தட்டின. வாயில் ஊற்றிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, லேசாகக் கரிக்கும். வெற்றிலை புகையிலை போட்ட நாக்காக இருந்தால் அதுவும் தெரியாது. அடுப்பில் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் கொதித்தாலும் கல்லுக் கல்லாகவே கிடக்கும். நகராட்சிக் குழாய் வரப்போகிறது, வந்துவிட்டால் விலை இரண்டு மடங்கு என்று வருஷா வருஷம் பேசிக்கொண்டார்கள். குழாய் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், பத்திரத்தைப் படித்துப் பார்ப்பார்கள், கடைசியாகப் பருப்புப் போட்டுப் பார்ப்பார்கள். வாங்குகிறவரின் வீட்டுக்காரி தன் வீட்டிலிருந்தே ஒரு பிடி துவரம்பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். விற்கிறவர் வீட்டுப் பருப்பை நம்ப முடியாது; ஆப்பசோடாவில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைத்திருப்பார்கள். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு மலர்ந்தால் அட்வான்ஸ் கொடுப்பார்கள். மலராவிட்டால் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஓடைத் தெருவில் அந்த வருஷம் மோர் நிறையச் செலவானது.

உடையப்பன் வீட்டுக் கிணறு மட்டும் இன்னும் நல்ல தண்ணீர் என்று ஒரு பேச்சு இருந்தது. அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் உடையப்பன்தான். அவர் வெங்காய மண்டியில் தரகர். விடிந்ததும் மண்டிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். வெங்காயத்தில் அவருக்கு இருந்த மூக்கு மண்டியில் வேறு ஒருவருக்கும் கிடையாது. மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து மோந்து பார்த்தே, "இது தாங்காது, இன்னைக்கே தள்ளிரு" என்பார். விலை இறங்கப் போகிறது என்று தெரிந்தால் நஷ்டத்துக்காவது தள்ளிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்வார்.

வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த மூக்கு எங்கே போயிற்று என்று அவர் மனைவி ராமுத்தாய்க்கு விளங்கவே இல்லை. விற்க அவருக்கும் ஆசைதான். ஒட்டன்சத்திரத்தில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கேயே போய்ச் சொந்தமாக ஒரு கமிஷன் கடை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் யோசனை. ஆனால் எட்டாயிரத்துக்குக் கேட்டபோது பத்து என்றார். ஆறாயிரத்துக்குக் கேட்டபோதும் பத்து என்றார். "மத்த வீடு இறங்கினா நமக்கு என்ன வந்துச்சு? நம்ம கெணறு இருக்குல்ல" என்பார். குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை என்றால் சோப்புக் கம்பெனிக்காரனைத் திட்டினார். கிணற்றடித் தென்னையில் ஓலை நுனி கருகியதற்கு வண்டைத் திட்டினார்.

அவர் குடித்த தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் அது அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அந்தத் தோப்புக் கிணற்றிலிருந்து ராமுத்தாய் தினமும் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்துகொண்டு வந்து, அடுப்படியில் இருந்த பித்தளைத் தவலையை நிரப்பி வைத்தாள். அவர் மண்டிக்குக் கிளம்பிப் போன பிறகு போவாள், அவர் திரும்புவதற்குள் வந்துவிடுவாள்.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் ஆரம்பிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் உடையப்பன் மஞ்சள் காமாலையில் விழுந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்து எழுந்தார். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அன்றே கிணற்றைப் பற்றித்தான் கேட்டார். எதிர்வீட்டுக் கிணறு உப்பாகிவிட்ட சேதி படுக்கையிலேயே அவர் காதுக்கு வந்திருந்தது. "நம்மளுது எப்பிடி இருக்கு?" என்றார். அன்று காலையில்தான் அவள் வீட்டுப் பருப்பும் வேகாமல் கிடந்தது. மண்டியில் மூட்டைக்கு அரையணா ஓரணா என்று சேர்த்துக் கட்டிய வீடு. எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த அந்த மனுஷனிடம் உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நம்மளுதுக்கு என்ன, நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மழை பெய்தால் கிணறு தெளிந்துவிடும், அதுவரைக்கும் தோப்பிலிருந்து கொண்டுவந்து சமாளிப்போம் என்று நினைத்தாள். மழை பெய்தது. கிணறு விளிம்பு வரைக்கும் ஏறியது, உப்பு அப்படியேதான் இருந்தது. அதற்குள் உடையப்பன் உடம்பு தேறி, தெருவிலும் மண்டியிலும் பெருமை பேசி முடித்திருந்தார். இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

தெருவில் பெண்களுக்கெல்லாம் இது தெரியும். குடத்தோடு போகிறவளைப் பார்க்காமல் இருக்க அவர்களுக்குக் கண் இல்லையா என்ன. ஆனால் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. வீடு விற்கும் தரகர்கள் ஓடைத் தெருவுக்கு ஆள் கூட்டி வந்தால் உடையப்பன் வீட்டைத்தான் முதலில் காட்டினார்கள். "இந்தக் கெணறு நல்லா இருக்குல்ல? அப்ப அடியில ஊத்து நல்லா இருக்குன்னுதானே அர்த்தம். நாலு முழம் கூட வெட்டினா அந்த வீட்டுலயும் வரும்" என்று சொல்லி, மற்ற வீடுகளுக்கு ஆயிரம் ஐந்நூறு கூட்டிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் ஒருநாள் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "நிறுத்திறாத தாயி. நீ சுமக்கிறதுலதேன் நம்ம தெரு நிக்கிது" என்றாள். அவளாகப் போய் ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தது கிடையாது.

ராமுத்தாய்க்கு வலது தோள் விட்டுப்போயிருந்தது. கையைத் தூக்கித் தலை வாரினால் கண்ணில் தண்ணீர் வந்தது. வீடு விற்றால்தான் தோள் பிழைக்கும். வீடோ அவள் கொண்டுவரும் தண்ணீரின் தைரியத்தில் விலை இறங்காமல் நின்றது. இந்தச் சிக்கலைத் தானே போட்டுக்கொண்டோம் என்று தெரிந்ததால் யாரிடமும் சொல்லி அழவும் அவளால் முடியவில்லை.

அந்த ஆவணியில் வீட்டுத் தரகர் நாச்சிமுத்து வாங்குவதற்கு ஒரு நல்ல ஆளைக் கொண்டுவந்தார். தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி தண்டாயுதபாணி. அவர் மகனுக்குத் திண்டுக்கல்லில் வேலை கிடைத்திருந்தது, குடும்பம் வைக்க வீடு வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் அவர் பேசி வைத்திருந்த கடையை இனியும் நிறுத்தி வைக்க மாட்டேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டதால் உடையப்பனும் ஒருவழியாக எட்டாயிரத்துக்கு இறங்கி வந்திருந்தார். அதையும் தியாகம் மாதிரிதான் சொன்னார். பருப்பு மலர்ந்தால் அன்றே அட்வான்ஸ் என்று பேச்சு.

நாச்சிமுத்துவோடு தண்டாயுதபாணியும் அவர் மனைவி பழனியம்மாளும் வந்தார்கள். அந்த அம்மாள் வாசலிலேயே வீட்டை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். ஆட்களை எடை போடத் தெரிந்தவள் என்று ராமுத்தாய்க்குப் பட்டது. உடையப்பன் சுவர், உத்தரம், ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். பழனியம்மாள் அதில் பாதியைக் கேட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் வந்து ராமுத்தாயிடம் நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஓடைத் தெருவுல வூடா, பருப்பு வேகாதேன்னு எங்கூர்ல எல்லாருஞ் சொன்னாங்க. உங்க கெணறு மட்டும் தப்பிச்சிருச்சாமுங்க?"

"அப்பிடித்தேன் சொல்றாக" என்றாள் ராமுத்தாய்.

"எம்பட மருமவ மாசமா இருக்கறாளுங்க. இங்கதான் குடிவெக்கப் போறோம். தண்ணிக்கு அலையற வூட்டுல அவள உடமுடியாதுங்க. அதான் நானே வந்தனுங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பருப்பை ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். "ஒரு சட்டித் தண்ணி அடுப்புல வெய்யுங்கக்கா. கொதி வரட்டும், நான் போடறனுங்க."

"மாடிப்படியப் பாக்கலியேம்மா நீங்க, வாங்க" என்று உடையப்பன் கூடத்திலிருந்து கூப்பிட்டார். மச்சுப்படி ஏறிப் பார்க்க அவர்கள் எல்லோரும் போனார்கள்.

ராமுத்தாய் அடுப்படியில் தனியாக நின்றாள். ஒரு வாரமாக அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். தவலைத் தண்ணீரை ஊற்றினால் பருப்பு மலரும், வீடு போய்விடும், அடுத்த மாதம் மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம். கொஞ்ச நாளில் முகம் தெரியாத ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு ரயில் பாதையைத் தாண்டிப் போவாள். இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரில் பருப்பைப் போட்டு, இத்தனை பேர் முன்னால் தன் வீட்டுக்காரரைத் தலைகுனிய வைக்க அவளால் முடியாது. மூன்று வருஷம் அந்தத் தலை குனியக் கூடாது என்றுதானே சுமந்தாள். பாவம் என்றால் அது தன் தலையோடு போகட்டும் என்று தவலையின் மூடியை எடுத்தாள்.

படியில் சத்தம் கேட்டது. உடையப்பன் தனியாக இறங்கி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவள் கையையும் தவலையையும் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஆமா, அதையே ஊத்து" என்றார் மெதுவாக. "எங்க மறந்தாப்புல கெணத்துல எறச்சுருவியோன்னு பதறி ஓடியாந்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூடி கையிலேயே இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சட்டுன்னு ஊத்தி அடுப்புல வையி, அந்தம்மா இறங்கிருவாக."

அவர் படியேறிப் போய்விட்டார். மேலே அவர் குரல் கேட்டது. மச்சுக்கு எந்தச் சூளையில் செங்கல் வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் குனியக் கூடாது என்று சுமந்தோம், அவரோ இவள் சுமக்கிறாள் என்று தெரிந்தே நிமிர்ந்து நடந்திருக்கிறார். ராத்திரி தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முனகும்போது, "காத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாரே, அதுவும் தெரிந்தேதான். ராமுத்தாய்க்கு நெஞ்சு கொதித்தது. பிள்ளைத்தாய்ச்சிக்காக இரங்கி மனம் மாறினாள் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. தன் மூன்று வருஷத்தை நினைத்து வந்த ஆத்திரம்தான் அது. மூடியைத் தவலை மேல் போட்டுவிட்டு, வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

மேலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு ராட்டினம் கிறீச்சிடும் சத்தம்தான் முதலில் கேட்டது. பழனியம்மாள் நேரே கிணற்றடிக்கு வந்தாள். அவள் கண் முன்னால் ராமுத்தாய் வாளியைச் சட்டியில் கவிழ்த்தாள். உடையப்பன் கொல்லை வாசலில் நின்று கண்ணால் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தண்ணீர் கொதித்தது. பழனியம்மாள் பருப்பைப் போட்டாள். கூடத்தில் தண்டாயுதபாணியும் நாச்சிமுத்துவும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. விறகு தீர்ந்து ராமுத்தாய் இன்னும் இரண்டு சுள்ளியைச் செருகினாள். பழனியம்மாள் கரண்டியில் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். அது நசுங்கவில்லை.

"வேகலீங்க" என்றாள். கோபப்படவில்லை. ராமுத்தாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வூடு நல்ல வூடுதானுங்க. நாங்க யோசிச்சுச் சொல்றமுங்க." அவர்களுக்கும் மோர் கொடுத்தார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. சோலையம்மாள் வாசலில் நின்று இரைந்தாள். "அடிப் பாவி, இம்புட்டு நாளு இருந்துட்டு இப்பத்தேன் உனக்கு அரிச்சந்திரன் வேஷமா? என் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ஆளு வாரதா இருந்துச்சுடி! மொத்தத் தெருவையும் ஒரு சட்டிப் பருப்புல கவுத்துட்டியே!" இன்னும் இரண்டு வீட்டுக் கதவுகள் படாரென்று சாத்தப்பட்டன. சொல்லப்போனால் சோலையம்மாள் பேசியதில் தப்பும் இல்லை.

மத்தியானம் உடையப்பனுக்குச் சாதம் வைத்தாள். வெஞ்சனம் என்று வேறு எதுவும் செய்திருக்கவில்லை. அந்தச் சட்டிப் பருப்பையே தாளித்து ஊற்றினாள். அவர் பிசைந்தார். பருப்பு பல்லில் நறநறத்தது. மென்று தின்றார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வருசம் சித்திரையில. லோடு வரலைன்னு மண்டியில இருந்து வெள்ளனத் திரும்பிட்டேன். ரயில்வே கேட் சாத்தி இருந்துச்சு. அந்தப் பக்கம் நீ குடத்தோட நின்னுக்கிட்டிருந்த."

"பாத்துட்டு?"

"வேற பாதையில சுத்தி வந்துட்டேன்."

"குடத்த வாங்கிச் சுமக்க வேணாம். ஏண்டி இப்பிடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

உடையப்பன் சோற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "கேட்டா கெணறு போச்சுன்னு ஆயிரும்ல. கேக்காத வரைக்கும் இருக்கு. நீ கொண்டாந்து ஊத்த ஊத்த, நம்ம கெணறு நல்லாத்தேன் இருக்குன்னு எனக்கே மனசுல பட்டுப்போச்சு. சத்தியமாச் சொல்றேன், பாதி நாளு அந்தக் கேட்டப் பாத்ததே மறந்துருச்சு."

பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை. இந்தக் கோபம் இன்னும் பல வருஷம் இருக்கும், இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"இனிமே நான் சுமக்க மாட்டேன்" என்றாள்.

"சரி."

"வீட்ட வித்துருவோம். பத்து, எட்டுன்னு கதை பேசாம, இன்னைக்கி என்ன போவுமோ அதுக்கு."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு பேசினார். மண்டியில் வெங்காயத்துக்கு விலை சொல்லுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரல். வீட்டைப் பற்றி அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதே கிடையாது.

"மூவாயிரம் போவும். தோல் ஷாப்புக்காரங்க தோல் ஊறப்போடுற மரப்பட்டைய அடுக்கி வைக்க எடுத்துக்கிருவாங்க. அவங்களுக்குத் தண்ணி எப்பிடி இருந்தா என்ன. அதுக்கு மேல ஒரு காசு பேராது."

மூன்று வருஷமாக அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். சந்தோஷப்பட வேண்டும் என்று பார்த்தாள். அவள் கை வைத்துப் பூசிய சுவர், மகள் ஓடி விளையாடிய கூடம், கடன்பட்டுப் போட்ட மச்சு எல்லாம் அவளைச் சுற்றி இருந்தன. அவர் தப்பாகச் சொல்கிறார், வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார் என்று தோன்றியது.

"மூவாயிரமா?" என்றாள் ராமுத்தாய். "அம்புட்டுத்தேனா? நம்ம வீட்டுக்கா?"